யுத்தப் பயம் என்று நினைத்தோம்: பார்க்கின்சன் நோயும் அண்மைய ஆய்வுகளும்

எனது அப்பா தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளிலும் காசுக்கட்டளைகளிலும் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே விதமாகக் கையொப்பமிட்டவர். 2014ஆம் ஆண்டில் ஒருநாள் ஓய்வூதியப் பணம் எடுக்கப் போன இடத்தில், கையொப்பம் பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து மூன்று தரம் எழுதிக் காட்டினார். எழுத்து ஆரம்பத்தில் சரியாக இருந்தது. போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து ஒரு புள்ளியாகவே முடிந்தது.

அதற்குச் சில மாதங்களின் பின்னர் வலது கையில் நடுக்கம் தெரிந்தது. அப்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "சண்டைக்குள்ள பட்ட பயம். அது இப்ப வெளிய வருது." நாங்களும் அதை நம்பினோம். 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பின்னர் மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் இருந்த ஒரு மனிதருக்குக் கை நடுங்கினால் வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். நூல் கட்டினோம். இரண்டு வருடங்கள் போயின. 2016இல்தான் நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவர் அப்பாவை எழுப்பி நடக்கவிட்டுப் பார்த்து, இது பார்க்கின்சன் நோய் என்றார்.

நான் வைத்தியன் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன். அப்பாவுக்காக இந்த நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கி, கடந்த பத்து வருடங்களாக அதனைப் பின்தொடர்ந்து வருகிறேன். நாங்கள் இழந்த இரண்டு வருடங்களை இன்னொரு குடும்பம் இழக்கக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நோய் பெயர் பெற்ற கதை

1817ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறு பேரை மட்டுமே. அவர்களிலும் சிலரை அவர் தெருவில் கண்டு அவதானித்திருந்தார். ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, முன்னோக்கி வளைந்த உடல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறும் நடை என்று அவர் எழுதியவற்றை இன்று கிளினிக்கில் இருக்கும் எந்த நோயாளரிலும் காணலாம். பின்னர் பிரெஞ்சு நரம்பியல் மேதை ஷார்கோ இந்த நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை இட்டார். அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் திகதியே உலக பார்க்கின்சன் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. நமது சித்த, ஆயுர்வேத மரபில் கம்பவாதம் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதனை ஒத்த நிலையே.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்ந்தனர். 25 வருடங்களில் இந்த எண்ணிக்கை இரு மடங்காகியிருந்தது. 2050ஆம் ஆண்டில் இது 2 கோடியே 52 இலட்சத்தை எட்டும் என 2025இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது. மக்கள் அதிக காலம் வாழ்வதே இதற்கான முதன்மைக் காரணம்.

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் நடுப்பகுதியில், அடியில், கறுப்பு நிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் கையைத் தூக்க நினைக்கும்போது அந்த அசைவு தடையின்றி நடப்பதற்கு டோபமைன் தேவை. பார்க்கின்சன் நோயில் இக்கலங்கள் மெல்ல மெல்ல இறந்துவிடுகின்றன. முதல் நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் காலத்தில் அவற்றில் பெரும் பங்கு ஏற்கனவே போயிருக்கும்.

இறந்துகொண்டிருக்கும் கலங்களுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதை 1912இல் ஜேர்மனியில் பிரெடெரிக் லெவி கண்டறிந்தார். அவை எதனால் ஆனவை என்பது தெரிய 85 வருடங்கள் ஆகின. 1997இல் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பரம்பரையாக வந்த பார்க்கின்சன் நோயை ஆராய்ந்தவர்கள், அல்பா சைனுக்ளின் என்ற புரதத்துக்குரிய பரம்பரையலகில் பிழை இருப்பதைக் கண்டனர். அதே ஆண்டில் லெவி உருண்டைகளும் அந்தப் புரதம் திரண்டு உருவானவையே என்பது உறுதியானது. ஒழுங்காக மடிந்திருக்க வேண்டிய புரதம் பிழையாக மடிகிறது; அது அருகிலுள்ள புரதங்களையும் பிழையாக மடியச் செய்கிறது. பால் உறையும்போது ஒரு கரண்டி தயிர் செய்யும் வேலையை நினைத்துக்கொள்ளலாம்.

அல்சைமர் நோயில் அமைலோயிட், டவ் ஆகிய புரதங்களும், ஹன்டிங்டன் நோயில் ஹன்டிங்டின் என்ற புரதமும் இதே போன்று திரள்கின்றன. நோய்கள் வேறு, பாதிக்கப்படும் மூளைப் பகுதிகள் வேறு. ஆனால் அடிப்படைச் சிக்கல் ஒத்தது. எனவேதான் ஒரு நோயில் கிடைக்கும் அறிவு மற்றைய நோய்களின் ஆய்வுக்கும் உதவுகின்றது.

சர்ப்பகந்தியிலிருந்து பூனைக்காலி வரை

இன்றுவரை இந்த நோய்க்குரிய மிகச் சிறந்த மருந்து லெவோடோபா. அதன் வரலாற்றில் நம் பகுதி மூலிகைகள் இரண்டு வருகின்றன.

முதலாவது சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து எடுக்கப்பட்ட ரெசர்பின் என்ற மருந்து உயர் குருதி அமுக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1957இல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் இதனை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமைன் குறைந்து முயல்கள் அசைவற்றுப் போயின. பின்னர் லெவோடோபாவைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பவர், இறந்த பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் டோபமைன் கடுமையாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே நோயாளருக்கு லெவோடோபா ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் அதனை வாய்வழியாகக் கூடிய அளவில் கொடுத்து, நிலையான பலன் கிடைக்கும் என்று நிறுவினார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது பூனைக்காலி. 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், ராமசுவாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்திருந்தனர். அது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று பலர் பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகின்றனர். விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும். குளிசையோடு சேர்த்து எடுத்தால் மருந்து அளவுக்கு மிஞ்சிப்போகும். ஆகவே வைத்தியருக்குச் சொல்லாமல் இதனைத் தொடக் கூடாது.

லெவோடோபா நோயைக் குணமாக்குவதில்லை. இல்லாத டோபமைனை ஈடுசெய்கிறது. கலங்கள் இறப்பதை அது நிறுத்தாது. பல வருடங்கள் போகும்போது ஒவ்வொரு குளிசையும் வேலை செய்யும் நேரம் குறைந்துவரும். இடையிடையே உடல் தானாக நெளியும் அசைவுகளும் வரலாம். இதற்கப்பால் செல்லும் வழியைத்தான் இன்றைய ஆய்வுகள் தேடுகின்றன.

நடுக்கத்துக்கு முன்னரே வரும் அறிகுறிகள்

அப்பாவின் முதல் கிளினிக்கில் வைத்தியர் கையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "ஐயா, இரவில நித்திரையில கத்துறனீங்களோ?" என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார். "அது சண்டைக் கனவு டொக்டர். ஓடு ஓடு எண்டு கத்துவார். காலால உதைப்பார். ஒருக்கா எனக்கு அடியும் விழுந்தது." அது எப்போது தொடங்கியது என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகு என்றார். முகாமில் இருந்தபோது அப்பா அப்படிக் கத்தியதில்லை. அதுவரை எங்களில் ஒருவரும் அந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

கனவு காணும் வேளையில் நமது தசைகள் இயல்பாகச் செயலிழந்திருக்கும். மூளைத்தண்டின் ஒரு பகுதி அந்தப் பூட்டைப் போடுகிறது. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் மனிதர் தனது கனவை உடலால் நடித்துவிடுவார். இதனைக் கனவு நித்திரை நடத்தைக் கோளாறு என்பர். இக்கோளாறு உறுதிசெய்யப்பட்ட 1,280 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 12 வருட முடிவில் 73.5 வீதமானோருக்குப் பார்க்கின்சன் அல்லது அதனை ஒத்த மூளைச் சிதைவு நோயொன்று ஏற்படும் எனக் கணிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யுத்தத்தைக் கண்டவர்களுக்கு வரும் எல்லாக் கெட்ட கனவும் இந்த நோயின் அறிகுறியல்ல. மன வடுவாலும் மனிதர் நித்திரையில் அலறுவர். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி, கை கால்களை வீசி அடிப்பதாகவும், கட்டிலிலிருந்து விழுவதாகவும் இருந்தால் அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

மணம் தெரியாமற் போவதும் நீண்டகால மலச்சிக்கலும் மற்றைய இரு முன்னறிகுறிகள். நடுக்கத்துக்குப் பத்து வருடங்களுக்கு முன்னரே இவை வரலாம். 2003இல் ஜேர்மனிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக், இந்த நோய் பலரில் குடலின் நரம்புகளிலோ மூக்கின் மண நரம்பிலோ தொடங்கி மூளைக்குள் ஏறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். எல்லா நோயாளருக்கும் அது பொருந்துமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

மணம் பற்றிய இன்னொரு கதை ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. ஜோய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற தாதி, தன் கணவரின் உடல் வாடை மாறியதை நோய் கண்டறியப்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே உணர்ந்திருந்தார். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரிடம் 12 பேர் அணிந்த மேற்சட்டைகளைக் கொடுத்தனர். ஆறு நோயாளரையும் அவர் சரியாகச் சொன்னார். நோயற்ற ஒருவரையும் நோயாளர் என்றார். அது பிழை என்று குறித்துக்கொண்டனர். சில மாதங்களின் பின் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. தோலின் எண்ணெய்ப் பசையில் மாற்றம் ஏற்படுவதை மன்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் இரசாயன ரீதியாகக் காட்டினர். பஞ்சுத் துண்டினால் தோலைத் துடைத்து நோயை அறியும் முறையை உருவாக்க இப்போது முயற்சி நடைபெறுகின்றது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது 2023இல் வெளியான ஓர் ஆய்வு. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள திரவத்தில் ஒரு துளியை எடுத்து, அதில் பிழையாக மடிந்த அல்பா சைனுக்ளின் உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை அது. 1,123 பேரிடம் செய்யப்பட்டது. பார்க்கின்சன் நோயாளரில் ஏறத்தாழ 88 வீதமானோரில் அது சரியாகக் காட்டியது. நடுக்கம் வராத, ஆனால் மண உணர்வை இழந்த சிலரிலும் அது தெரிந்தது. இதுவரை இந்த நோயை வைத்தியரின் கண்ணும் கையுமே கண்டறிந்தன. இனி ஆய்வுகூடமும் கண்டறியும் காலம் வருகிறது. முதுகில் ஊசி ஏற்றாமல் இரத்தத்திலோ தோலிலோ இதனைக் காணும் முறைகளும் ஆராயப்படுகின்றன.

ஏன் வருகிறது?

பெரும்பாலானோருக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. வயது, பரம்பரையலகு, சூழல் ஆகிய மூன்றும் சேர்கின்றன.

1982இல் கலிபோர்னியாவில் சில இளம் வயதினர் திடீரென அசைய முடியாதவர்களாக வைத்தியசாலைக்கு வந்தனர். அவர்கள் பயன்படுத்திய செயற்கைப் போதைப்பொருளில் எம்பிடிபி என்ற நஞ்சு கலந்திருந்ததை வைத்தியர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தனர். வெளியிலிருந்து வரும் ஓர் இரசாயனம் டோபமைன் கலங்களை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்லும் என்பது அப்போது தெளிவானது. அந்த நஞ்சு உடலில் மாறி உருவாகும் பொருளின் அமைப்பு, பரகுவாட் என்ற களைகொல்லியை ஒத்தது.

அமெரிக்க விவசாயிகளிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், பரகுவாட் அல்லது ரொட்டினோன் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏற்பட்டிருப்பது ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இலங்கையில் நஞ்சருந்தித் தற்கொலை செய்வோரின் தொகையைக் குறைப்பதற்காக 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட் படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்கு முன் வன்னியிலும் மற்றைய இடங்களிலும் அதனை வெறுங்கையால் கலக்கித் தெளித்த விவசாயிகள் ஏராளம். பீடைகொல்லி எதுவாயினும் கையுறை, முகக்கவசம், நீண்ட கைச் சட்டை இன்றித் தெளிப்பதைத் தவிர்ப்பது இன்றைய தலைமுறைக்குக் கட்டாயம்.

யுத்தமும் தலைக்காயமும்

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். யுத்தத்தால் இந்த நோய் வருமா?

பயத்தால் மட்டும் பார்க்கின்சன் நோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் தலைக்காயத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படையினர் 3,25,870 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இலேசான தலைக்காயம் அடைந்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோய் வரும் ஆபத்து 56 வீதம் அதிகமாக இருந்தது. நடுத்தர அல்லது கடுமையான காயம் அடைந்தவர்களுக்கு 83 வீதம். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், நினைவிழக்காத அளவிலான இலேசான தலைக்காயமும் மறதி நோயின் ஆபத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டியிருந்தது. மன வடு நோயுள்ள முன்னாள் படையினருக்கு மறதி நோய் ஏற்படும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று 2010இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது.

இந்த எண்களை வாசித்துப் பயப்பட வேண்டாம். ஆபத்து அதிகம் என்றால் நோய் வந்தே தீரும் என்பது பொருளல்ல. தலைக்காயமடைந்தோரில் பெரும்பாலானோருக்குப் பார்க்கின்சன் நோய் வருவதில்லை. இவை யாவும் அமெரிக்கப் படையினரைப் பற்றியவை என்பதையும் மறக்கக் கூடாது. ஷெல் வெடிப்பில் பதுங்குகுழிக்குள் தூக்கி வீசப்பட்ட ஒரு தாய்க்கோ, தலையில் சன்னத் துண்டுடன் இன்றும் வாழும் ஓர் இளைஞனுக்கோ அவை அப்படியே பொருந்தும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். தலையில் காயம்பட்ட வருடம், நினைவிழந்த நேரம், உடலில் இருக்கும் சிதறல் என்பவற்றை கிளினிக் கொப்பியில் எழுதிவைக்குமாறு வைத்தியரிடம் கேளுங்கள். உடலில் உலோகச் சிதறல் இருப்பவருக்கு எம்ஆர்ஐ ஸ்கான் செய்வது ஆபத்தாகலாம் என்பதாலும் இது அவசியம்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல

சில மருந்துகள் டோபமைனைத் தடுத்து, பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலையை உண்டாக்கும். மனநோய்க்குரிய ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், வாந்திக்குரிய மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்குரிய புரோகுளோர்பெரசின், சினரிசின் ஆகியவை அவற்றுட் சில. தலைச்சுற்றுக்கென ஒருமுறை தந்த குளிசையை வருடக்கணக்கில் கடையில் வாங்கிப் போடும் முதியவர்கள் நம்மிடையே உள்ளனர். பொதுவாக அந்த மருந்தை வைத்தியர் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நடுக்கம் குறையும். மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. நடுக்கத்தைச் சொன்னால் வைத்தியர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

பொருளைத் தூக்கும்போதும் தேநீர் குடிக்கும்போதும் மட்டும் கை நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாகக் கை மடியில் ஓய்ந்திருக்கும்போது, ஒரு பக்கத்தில் தொடங்கும். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளரும் உண்டு. அவர்களில் உடல் மந்தமாவதும் விறைப்பதுமே தெரியும்.

புதிய சிகிச்சைகள் எங்கே நிற்கின்றன?

மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்து, நெஞ்சுத் தோலின் கீழுள்ள கருவியால் தூண்டும் சத்திரசிகிச்சையை 1987இல் பிரான்சின் கிரனோபிளில் பெனபிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கினார். மருந்து வேலை செய்யும், ஆனால் அதன் பலன் ஏறி இறங்கும் நோயாளருக்கு இது நன்மை தருகிறது. மூளையின் சமிக்ஞையைத் தானே வாசித்துத் தூண்டலைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நீரிழிவு மருந்துகள் சில மூளைக் கலங்களைக் காக்குமா என்றும் பார்த்தனர். 2024இல் பிரான்சில் 156 பேரிடம் லிக்சிசெனடைட் என்ற ஊசி மருந்து பரிசோதிக்கப்பட்டது. ஒரு வருட முடிவில் மருந்து பெற்றவர்களின் அசைவுக் குறைபாடு கூடவில்லை; மற்றவர்களுக்குச் சற்றுக் கூடியது. ஆனால் குமட்டல் பலருக்கு வந்தது. அதே வகையைச் சேர்ந்த எக்செனடைட், பிரித்தானியாவில் 194 பேரிடம் 96 வாரங்கள் பரிசோதிக்கப்பட்டு, 2025இல் பலன் இல்லை என்று முடிவு வந்தது. ஒரு செய்தியின் தலைப்பை மட்டும் வாசித்து நம்பிக்கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பாடம்.

2025 ஏப்ரலில் மூலக் கலங்கள் பற்றிய இரு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்கும், அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கும் ஆய்வுகூடத்தில் வளர்த்த டோபமைன் கலங்கள் மூளைக்குள் வைக்கப்பட்டன. கலங்கள் உயிர்வாழ்ந்து டோபமைன் சுரந்தன. கட்டிகள் வளரவில்லை. சிலரது அசைவு முன்னேறியது. இவை பாதுகாப்பைப் பார்க்கும் சிறு பரிசோதனைகள் மட்டுமே. ஆகவே, காசு வாங்கிக்கொண்டு இப்போதே மூலக் கலச் சிகிச்சை செய்வதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்களை நம்பிக் காணியை விற்க வேண்டாம். புலம்பெயர் உறவுகள் அனுப்பும் பணமும் இப்படிப் போய்விடக் கூடாது.

அல்சைமர் நோயில் லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. 1,795 பேரிடம் நடந்த பரிசோதனையில் 18 மாதங்களில் நோயின் வேகம் 27 வீதம் குறைந்தது. மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகளும் இருந்தன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோயில், ஒரு குறிப்பிட்ட பரம்பரையலகுப் பிழை உள்ள சிறு தொகையினருக்கு டொஃபர்சன் என்ற மருந்து அதே ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. கதவு சிறிதாகத்தான் திறந்திருக்கிறது. முப்பது வருடங்களுக்கு முன் அது திறக்கவே இல்லை.

இன்றே வீட்டில் செய்யக்கூடியவை

ஆய்வுகூடச் செய்திகளுக்கு நாம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். கீழுள்ளவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

முதலாவது, உடற்பயிற்சி. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 128 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், வேகமாக மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்தவர்களின் நிலை ஆறு மாதங்களில் ஏறக்குறைய மாறாமல் நின்றது. மற்றவர்களுக்கு மோசமானது. வேகநடையும் சைக்கிளும் போதும். இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். லெவோடோபாக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னரோ ஒரு மணி நேரம் பின்னரோ, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். மீன், இறைச்சி, பருப்பு, பால் போன்ற புரத உணவுகள் மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்புச் சத்துக் குளிசையையும் அதனுடன் சேர்த்துப் போடக் கூடாது. புரதத்தை நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை அறிவோம். இந்தக் குளிசையைத் திடீரென நிறுத்துவது உயிராபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம். கையிருப்பு முடிவதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே கிளினிக்கில் சொல்லுங்கள்.

மூன்றாவது, விழுதல். கழுவும் இடத்தில் பிடிக்க ஒரு கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு. வாசலில் கால் தரையில் ஒட்டியது போல் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். "ஒண்டு, ரெண்டு" என்று தாளம் சொல்லுங்கள், அல்லது தரையில் ஒரு கோடு போட்டு அதனைத் தாண்டச் சொல்லுங்கள். கால் நகரும்.

நான்காவது, மனம். சோர்வு, கவலை, இல்லாதவர்களைக் காண்பது என்பனவும் நோயின் பகுதியாகவோ மருந்தின் விளைவாகவோ வரலாம். ஒருநாள் அப்பா முற்றத்தில் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார். யுத்தத்தில் இறந்த உறவினர் வந்திருப்பதாக அயலவர் சொன்னார்கள். வைத்தியர் பழைய குளிசையொன்றின் அளவைக் குறைத்தார். பத்து நாட்களில் முற்றம் வெறுமையானது.

ஐந்தாவது, பராமரிப்பவர். எங்கள் வீட்டில் அது அம்மா. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் எத்தனையோ வீடுகளில் எழுபது வயது மனைவி எண்பது வயதுக் கணவரைத் தூக்கி நிமிர்த்துகிறார். பணம் அனுப்புவோர் அம்மாவின் முதுகையும் நித்திரையையும் ஒருமுறை விசாரியுங்கள். வாரத்தில் ஓர் அரை நாளாவது இன்னொருவர் பொறுப்பெடுக்க வழிசெய்யுங்கள்.

அப்பாவின் கையெழுத்து

அப்பாவுக்கு இப்போது 79 வயது. குளிசை தொடங்கிப் பத்து வருடங்களாகிறது. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை நன்றாக நடப்பார். பின்னர் இறங்கும். கைநாட்டு வைத்தால் போதும் என்று வங்கியில் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவன் ஏன் கைநாட்டு வைக்க வேண்டும் என்று அப்பா மறுத்துவிட்டார்.

கோடு போட்ட தாளில், கோட்டைத் தொடும்படி பெரிதாக எழுதச் சொன்னால் பார்க்கின்சன் நோயாளரின் எழுத்துப் பெரிதாகும். கண்ணுக்கு ஓர் எல்லை தெரிந்தால் மூளை வேறு வழியால் கையை இயக்குகிறது. இதனைச் சிகிச்சையாளர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் இரட்டைக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் அப்பா அதில் தன் பெயரை ஒரு பக்கம் எழுதுவார். ஓய்வூதியம் எடுக்கும் நாளில் குளிசை போட்டு ஒரு மணி நேரத்தின் பின் கூட்டிப்போவேன். படிவத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இரண்டு போடுவேன். அப்பா அதற்குள் எழுதுவார்.

யுத்தம் நம்மிடமிருந்து எடுத்தவை போதும். நம் பெற்றோரின் உடலில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட்டால், சிகிச்சை உள்ள நோயும் சிகிச்சையின்றிப் போய்விடும். உங்கள் வீட்டில் யாருக்காவது எழுத்துச் சிறுத்தாலோ, மணம் தெரியாமற் போனாலோ, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நின்றாலோ, நேர்த்தியையும் வையுங்கள். அதே கிழமையில் கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள்.